மிச்சம் முப்பத்தொரு ரூபாய்

அத்தியாயம் 9

வாடகை கொடுத்தாயிற்று. பால்காரருக்குக் கொடுத்தாயிற்று. மளிகைக் கடை, மின்சாரம், சீட்டுப் பணம், சொசைட்டிக் கடன் பிடித்தம் எல்லாம் போக, காரைக்கால் பொதுப்பணித்துறை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் சோமசேகரனின் இந்த மாதச் சம்பளத்தில் மிஞ்சியது முப்பத்தொரு ரூபாய்.

அந்த முப்பத்தொரு ரூபாயால் கணவனும் மனைவியும் போன வாரம் முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒரு வழியாக உடன்பாடு ஆயிற்று. இருபத்திரண்டு ரூபாய் திரிபுரசுந்தரிக்கு, டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்குக் கட்ட. ஒன்பது ரூபாய் சோமசேகரனுக்கு, செருப்பு வாங்க. அவனுடைய இடது செருப்பின் வாரை ஒரு மாதமாக ஓர் ஊக்குதான் பிடித்துக்கொண்டிருந்தது.

பணம் கட்டுவதற்கு இன்றுதான் கடைசி நாள். இரண்டாவது சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள். விண்ணப்பத்தில் ஒட்ட வேண்டிய புகைப்படம் நேற்றுப் பொழுது சாய்ந்த பிறகுதான் ஸ்டூடியோவிலிருந்து வந்தது. இந்தத் தடவையை விட்டால் அடுத்த பரீட்சை மாசியில். தையில் அவளுக்கு முப்பது முடிகிறது. அப்புறம் டைப்பிஸ்ட் வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது.

‘நானும் சம்பாதித்தால் முப்பத்தொரு ரூபாய்க்கு ஒரு வாரம் சண்டை போட வேண்டியிருக்காதே’ என்பது அவளுடைய கணக்கு.

பிள்ளைகள் இரண்டும் லீவுக்கு நெடுங்காட்டில் தாத்தா வீட்டில் இருந்தன. காலையிலேயே குளித்து, புகைப்படத்தை ஒட்டி, கோந்து காயட்டும் என்று ஜன்னலோரம் வைத்தாள். அப்போது வாசலில் ரிக்‌ஷா மணி அடித்தது.

“சோமு! இந்த ரிக்‌ஷாக்காரனுக்கு ஒரு ரூபா குடுப்பா. எங்கிட்ட நூறு ரூபா நோட்டால்ல இருக்கு!”

திரிபுரசுந்தரிக்குக் கையில் இருந்த கோந்து பாட்டில் நழுவப் பார்த்தது.

கும்பகோணம் அத்தான் வந்துவிட்டார்.

சோமசேகரனின் அக்கா சொர்ணாம்பாளின் கணவர் நடராசன். கும்பகோணத்தில் பாத்திரக்கடை. வருஷத்தில் மூன்று நான்கு சனிக்கிழமைகளாவது திருநள்ளாற்றுக்கு வந்து நளதீர்த்தத்தில் குளித்து, சனீசுவரனைக் கும்பிட்டுவிட்டுப் போவார். காரைக்காலில் குடியிருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டு உறவுக்காரர்கள் பக்தியோடு வருவது புதிதல்ல. அங்கே மதுவிலக்கு; இங்கே இல்லை. பல பேருடைய பக்தி மாலை ஆறு மணிக்கு மேல் கடைத்தெருப் பக்கம் திரும்பிவிடும். நடராசன் அந்த ரகம் இல்லை. காப்பியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். ஆனால் அந்தக் காப்பிக்கும் காசு தரமாட்டார்.

அவரிடம் எப்போதும் ஒரு நூறு ரூபாய் நோட்டு இருக்கும். பஸ்ஸிலும் பூக்கடையிலும் ஓட்டலிலும் முதலில் அவர் கைதான் நீளும். அதில் அந்த நோட்டு இருக்கும். சில்லறை இல்லை என்பார்கள். “அடடா!” என்பார் அத்தான். சோமசேகரன் பாக்கெட்டுக்குள் கைவிடுவான்.

“என் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கே அவருதான் பணம் கட்டினாரு. அவர்கிட்டப் போயி கணக்குப் பாக்கச் சொல்றியா?” என்பான் திரிபுரசுந்தரி கேட்டால்.

ரிக்‌ஷாவுக்கு ஒரு ரூபாய் போயிற்று. சோமசேகரனின் ஒன்பது எட்டாயிற்று.

“வாங்க அண்ணி, வாங்க அண்ணா” என்று சொர்ணாம்பாள், நடராசன் இருவரையும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டு, திரிபுரசுந்தரி கொல்லைப்பக்கமாகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அது வீட்டுச் சொந்தக்காரி ஆஸியா பீவியின் வீடு. பீவியை அந்தத் தெருவில் எல்லாரும் அக்கா என்ற பொருளில் ‘லாத்தா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“லாத்தா, நூறு ரூபாய்க்குச் சில்லறை வேணும்.”

பீவியின் கண்கள் விரிந்தன. “கும்பகோணத்தாரு வந்துட்டாரா?”

“வந்துட்டாரு.”

“அந்த நோட்ட இன்னிக்கு மாத்தப் போறியா?”

“மாத்தத்தான் போறேன். எத்தன வருஷம் லாத்தா பொறுக்கறது? என் பரீட்சைப் பணம் இன்னிக்கு இடுப்புல இருக்கு. அதுலேருந்து அஞ்சு பைசா எடுக்க விடமாட்டேன்.”

பீவி உள்ளே போய்ப் பத்தும் ஐந்தும் இரண்டும் ஒன்றுமாக நூறு ரூபாயை ஒரு கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள்.

“சாயந்திரம் அந்த நோட்ட எங்கிட்டக் கொண்டா புள்ள. நானும் அத ஒரு தடவ கண்ணால பாக்கணும்.”

திருநள்ளாறு பஸ்ஸில் சனிக்கிழமைக் கூட்டம். கண்டக்டர் நெருக்கிக்கொண்டு வந்தார். வழக்கப்படி அத்தானின் கை நீண்டது.

“நாலு திருநள்ளாறு.”

“காலங்காத்தால நூறு ரூபாயா? சில்லறையா குடுங்க சார்.”

“அடடா!” என்றார் நடராசன். சோமசேகரனின் கை பாக்கெட்டை நோக்கிப் போயிற்று.

“எங்கிட்டச் சில்லறை இருக்கு அண்ணா” என்றாள் திரிபுரசுந்தரி.

பஸ்ஸின் இரைச்சலையும் மீறி அது எல்லாருக்கும் கேட்டது. அவள் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். “சரியா நூறு இருக்கு. நோட்ட இப்படிக் குடுங்க.”

நடராசன் கொடுக்கவில்லை. அவள் நோட்டின் ஒரு நுனியைப் பிடித்தாள். அவர் மறுநுனியை விடவில்லை. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இரண்டு பேரும் ஆடினார்கள். நோட்டும் ஆடியது.

“கிழிஞ்சிடப் போவுது, யாராவது ஒருத்தர் விடுங்க” என்றார் கண்டக்டர்.

“இது... இது சாமி பணம்மா” என்றார் நடராசன். நெற்றியில் வியர்த்திருந்தது. “சனீசுவரனுக்கு வேண்டிக்கிட்டது. உண்டியல்ல போடறதுக்குன்னே வெச்சிருக்கேன். இதப் போயி மாத்தலாமா?”

சொர்ணாம்பாள் சட்டென்று கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“நூறு ரூபா உண்டியலுக்கா அத்தான்?” சோமசேகரனுக்குப் பெருமை தாங்கவில்லை.

“ஆமா... வேண்டுதல்.”

சாமி பணம் என்ற பிறகு என்ன செய்வது? சில்லறை இருக்கிறது என்று சொன்னவள் அவள்தான் என்பதால் கண்டக்டர் அவளிடமே கையை நீட்டினார். திரிபுரசுந்தரி பல்லைக் கடித்துக்கொண்டு, தன் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து நாலு டிக்கெட்டுக்கும் காசு எடுத்தாள்.

நளதீர்த்தத்தில் பெண்கள் பக்கம் இறங்கியபோதும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை.

“உண்டியலுக்கு நூறு ரூபா போட முடியுது, பஸ்ஸுக்கு ஒரு ரூபா எடுக்க முடியல. நான் சொல்றேனேன்னு தப்பா நெனைக்காதீங்க அண்ணி...”

சொர்ணாம்பாள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

“திரிபுரா, எங்ககிட்ட இருக்கறதே அந்த நூறு ரூபாதான்” என்றாள்.

திரிபுரசுந்தரிக்கு முதலில் புரியவில்லை.

“கடை போயிடுச்சு. சித்திரையிலயே போயிடுச்சு. சிநேகிதனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டாரு. அவன் ராத்திரியோட ராத்திரியா எங்கயோ ஓடிட்டான். கடை, வீடு, எம் வளையல் எல்லாம் அதுக்கே சரியாப் போச்சு. திருச்சியில பொண்ணு வீட்டுல போயி உக்கார மாட்டேங்கறாரு. சோமுகிட்டச் சொல்லலாம்னு கூட்டியாந்தேன். ரிக்‌ஷாவ விட்டு எறங்கினதும் பழைய வேஷத்தப் போட்டுட்டாரு.”

“ஆனா எப்பவும் அந்த நோட்டு...”

“நல்லா இருந்த காலத்துல அது கருமித்தனம்டீ. எத்தன தடவ வெக்கப்பட்டிருக்கேன் தெரியுமா? இப்ப அதே பழக்கந்தான் மானத்தக் காப்பாத்துது. பணம் இருந்தப்பவும் இப்படித்தான் இருந்தாரு, இல்லாதப்பவும் இப்படித்தான் இருக்காரு. யாருக்கு வித்தியாசம் தெரியும்?” என்றாள் சொர்ணாம்பாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். “இப்ப அதையும் உண்டியல்ல போடப் போறாரு. வாயால சொல்லிட்டாரே, போட்டுத்தான் தீருவாரு. அவர எனக்குத் தெரியும்.”

திரிபுரசுந்தரி ஒரே முழுக்குப் போட்டுவிட்டு எழுந்து, ஈரத் தலையோடு கோயிலுக்கு ஓடினாள்.

அங்கே நிலைமை அவள் பயந்ததைவிட மோசமாக இருந்தது. சோமசேகரனின் அலுவலகத் தலைமைக் குமாஸ்தா அம்பலவாணன் வரிசையில் நின்றிருந்தார். அவரிடம் சோமசேகரன் சொல்லிவிட்டான்.

“எங்க அத்தான் சார். கும்பகோணத்துல பெரிய கடை. இன்னிக்கு உண்டியல்ல நூறு ரூபா போடறாரு.”

“நூறா!” என்ற அம்பலவாணன் முன்னால் நின்றவரைத் தட்டி, “கொஞ்சம் நகருங்க, நூறு ரூபா போடறாரு” என்றார். அந்த ஆள் தனக்கு முன்னால் நின்றவரிடம் சொன்னார். அதற்குள் உண்டியலைச் சுற்றி வட்டமாக இடம் விட்டுவிட்டார்கள். ஓர் அம்மாள் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

நடுவில் நடராசன் நின்றார். நோட்டை நீளவாக்கில் மடித்திருந்தார். உண்டியல் வாய்க்கு மேலே கையை நீட்டியிருந்தார்.

“அண்ணா! செத்த இருங்க!”

எல்லாரும் திரும்பினார்கள். புடவை ஓரம் சொட்டச் சொட்டத் திரிபுரசுந்தரி வந்து நின்றாள்.

“அந்த நோட்ட எனக்குக் குடுங்க. எங்க வீட்டுக்காரம்மாவுக்கு முழு நோட்டா வேணுமாம். வெளியூர் போறாங்களாம். மறந்தே போயிட்டேன். இந்தாங்க சில்லறை.”

“என்னம்மா இது, சாமி பணத்தையா மாத்தறது?” என்று அம்பலவாணன் ஆட்சேபித்தார்.

“சில்லறையா போட்டாலும் சாமிக்குச் சேரும் சார்.”

இந்தத் தடவை நோட்டு சுலபமாகக் கைமாறியது. நடராசன் அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அவருக்கு அந்த ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்து கைக்குட்டையை அவிழ்த்தார். அதிலிருந்து ஓர் இரண்டு ரூபாய் நோட்டை உருவி, கண்ணில் ஒற்றி, உண்டியலில் போட்டார்.

கூட்டம் காத்திருந்தது.

“மீதி?” என்றார் அம்பலவாணன்.

“என்ன மீதி? வேண்டுதலே ரெண்டு ரூபாதான் சார்” என்றார் நடராசன். குரல் பழையபடி கணீரென்று ஆகிவிட்டது. “நோட்டு நூறால்ல இருந்துச்சு? உண்டியல்ல போட்டுட்டு மீதி தொண்ணூத்தெட்டக் குடுன்னு யார்கிட்டக் கேக்கறது? அதான் இத்தன வருஷமாத் தள்ளிப் போச்சு.”

திரிபுரசுந்தரி நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த நிம்மதி கோயில் வாசல் வரைக்கும்தான் நீடித்தது.

பூக்கடைக்காரன் கூப்பிட்டான். “எவ்வளவுப்பா?” என்று நடராசன் பாக்கெட்டில் கைவிட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதில் சில்லறை இருந்தது. இரண்டு பெண்களுக்கும் இரண்டு இரண்டு முழம் வாங்கிக் கொடுத்தார். கடைக்காரன், “இன்னொரு முழம் சேத்து வெச்சுக்குங்க சார்” என்று கொசுறு வெட்டினான். அந்தக் கொசுறும் அந்த ‘சாரு’ம் அவரை என்னவோ செய்துவிட்டன. பிச்சைக்காரர் வரிசை முழுவதற்கும் ஆளுக்கு நாலணா போட ஆரம்பித்தார்.

சொர்ணாம்பாள் திரிபுரசுந்தரியின் கையைப் பிடித்தாள். “கடவுளே, கைல சில்லறை வந்துடுச்சு. இனிமே நிறுத்த மாட்டாரு!”

வாழ்க்கையில் எவ்வளவு பெரிய சுகத்தை விட்டுவிட்டோம் என்று நடராசனுக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது. ஓட்டலில் நாலு பேருக்கும் பொங்கல், வடை, டிகிரி காப்பி என்று அடுக்கினார். “இன்னொரு வடை வைப்பா” என்றார். சாப்பிட்டு முடித்ததும் நேராகக் கல்லாவுக்கு நடந்தார். திரிபுரசுந்தரி எச்சில் கையோடு அவரைத் தாண்டி ஓடினாள்.

“நான் தர்றேன் அண்ணா!”

“நீ சும்மா இரும்மா. நாந்தான் தருவேன்.”

“எங்க ஊருக்கு வந்துட்டு நீங்க தரலாமா?”

“தங்கச்சி, நீ என்னைத் தடுக்காத!”

ஓட்டல் முதலாளிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பணம் நீண்டது. அவர் சிரித்துக்கொண்டே, “அம்மா கைதான் முதல்ல வந்துச்சு” என்று திரிபுரசுந்தரியின் பணத்தை எடுத்துக்கொண்டார். அவள் ஜெயித்துவிட்டாள். ஜெயித்ததில் சுருக்குப்பை நன்றாக இளைத்துவிட்டது.

சோமசேகரன் அவளை ஓரமாக இழுத்தான்.

“காலையில அவரு காசு எடுக்கலன்னு குதிச்ச. இப்ப எடுக்கறாருன்னு குதிக்கற. ஒனக்கு என்னதான் வேணும்?”

அவள் சொன்னாள். கடை போனதையும் வீடு போனதையும் வளையல் போனதையும் மூன்று வாக்கியத்தில் சொன்னாள்.

சோமசேகரன் எதிர்வரிசையில் ஒரு குழந்தைக்குப் பலூன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த அத்தானைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு ஊக்கு மாட்டிய செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஓடிப்போய் அவருடைய வலக் கையை, அதாவது பாக்கெட் பக்கத்துக் கையை, இறுகப் பிடித்துக்கொண்டான்.

“என்ன சோமு?”

“ஒண்ணும் இல்ல அத்தான். கூட்டமா இருக்கு. தொலைஞ்சிடுவீங்க.”

பஸ்ஸில் ஏறிக் காரைக்காலில் இறங்கும் வரை அந்தக் கையை அவன் விடவில்லை. கண்டக்டருக்குத் திரிபுரசுந்தரிதான் காசு கொடுத்தாள்.

சாப்பாடு முடிந்து மணி நாலாகும்போது அவள் சுருக்குப்பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். பதினாலு ரூபாயும் கொஞ்சம் சில்லறையும் இருந்தன. அவள் அழவில்லை. பிடிவாதமாகச் சில்லறையை நோட்டின் மேல் அடுக்கிக்கொண்டிருந்தாள், உயரமாக அடுக்கினால் இருபத்திரண்டு ஆகிவிடும் என்பதுபோல.

பின்னாலிருந்து சோமசேகரன் எட்டு ரூபாயை அதன் பக்கத்தில் வைத்தான்.

“செருப்பு?” என்றாள்.

“ஊக்கு நல்லாத்தான் இருக்கு. துருகூடப் பிடிக்கல. போ, நாலே கால் ஆவுது.”

“நீங்க எனக்கு டைப்ரைட்டிங் எதுக்குன்னு கேட்டீங்க போன வாரம்.”

“போன வாரம் எங்கிட்ட ஒம்பது ரூபா இருந்துச்சு. கேட்டேன். இப்ப போறியா, இல்லையா?”

அவள் போகிற வழியில் பீவியின் கையில் நூறு ரூபாய் நோட்டைத் திணித்தாள். பீவி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “ம், எல்லா நோட்டும்போலத்தான் இருக்கு” என்று ஏமாற்றத்தோடு உள்ளே போனாள்.

பாரதியார் வீதி இன்ஸ்டிட்யூட்டில் மாஸ்டர் விண்ணப்பக் கட்டைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க வந்து நின்ற அவளைப் பார்த்து, போட்ட முடிச்சை அவிழ்த்தார். பணத்தை எண்ணி, ரசீது எழுதிக் கொடுத்தார். அவளிடம் மிச்சம் முப்பது பைசா.

திரும்பி வரும்போது அவளுக்கு நடையே மாறியிருந்தது. முப்பது பைசாவோடு ஒரு பெண் இவ்வளவு நிமிர்ந்து நடக்க முடியும் என்று அவளே நினைத்ததில்லை. தை மாசத்துக்கு முன்னால் லோயர் பாஸ். அப்புறம் விண்ணப்பம். அப்புறம் ஒண்ணாம் தேதி ஒண்ணாம் தேதி அவள் பெயரிலும் ஒரு கவர்.

வாசலிலேயே சோமசேகரன் காத்திருந்தான். முகம் பெருமையில் மலர்ந்திருந்தது.

“கட்டிட்டியா? நானும் ஒரு காரியம் பண்ணிட்டேன். அக்காகிட்டச் சொல்லிட்டேன், எங்கயும் போக வேணாம், எல்லாம் சரியாகற வரைக்கும் ரெண்டு பேரும் இங்கயே இருங்கன்னு.”

அவள் அதையேதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவன் சொல்லிவிட்டது சுருக்கென்றது.

“இருக்கட்டும். யார் வேணாம்னது? ஆனா மாசம் முடிய இன்னும் பாதிக்கு மேல இருக்கு. எங்கிட்ட முப்பது பைசா இருக்கு. உங்ககிட்ட?”

சோமசேகரன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினான். “அக்கா யோசிச்சுச் சொல்றேன்னாங்க.”

“அண்ணா என்ன சொன்னாரு?”

“அவரு இல்ல. நாலரை மணிக்குக் கடற்கரையில காத்து வாங்கிட்டு வர்றேன்னு திடீர்னு கிளம்பிட்டாரு. எதுக்கு அவ்வளவு அவசரமோ தெரியல.”

அப்போது தெருமுனையில் ஒரு கைவண்டி திரும்பியது. முன்னால் ஓர் ஆள் இழுத்தார். பின்னால் ஓர் ஆள் தள்ளினார். வண்டியில் கயிற்றுக் கட்டில், மரப் பீரோ, நாலு அண்டா, ஆட்டுக்கல். எல்லாவற்றுக்கும் மேலே, வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தது, ‘நடராசன் பாத்திர மாளிகை’ என்று எழுதிய தகரப் பலகை.

வண்டி அவர்கள் வாசலில் நின்றது.

“கும்பகோணம் லாரி ஆபீஸ் சாமான். சோமசேகரன் வீடு இதுதானுங்களே?” என்று வண்டிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “லாரி வாடகைய இங்க வாங்கிக்கச் சொல்லிட்டாங்க. எங்க கூலியோட பன்னெண்டு ரூபா.”

“நான் கூப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகலியே!” என்றான் சோமசேகரன் திகைத்துப் போய். “அதுக்குள்ள எப்படி கும்பகோணத்துலேருந்து...”

திரிபுரசுந்தரி கையில் ரசீதோடு பீரோவைப் பார்த்தாள். பிறகு தன் வீட்டு நிலைப்படியைப் பார்த்தாள். பீரோ அகலமாக இருந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து சொர்ணாம்பாளின் குரல் வந்தது. முகம் வெளியே வரவில்லை.

“திரிபுரா, கோவிச்சுக்காதடீ... பின்னாடி இன்னொரு வண்டியும் வருது.”